மீனின் இருதயம் தரும் பாடம்



ஆரணிச் சந்தையில் ரோகுவோ கட்லாவோ வாங்கி வந்து ஆயும்போது, செவுளுக்குப் பின்னால் தொண்டையடியில் சிறிய சிவந்த கட்டி ஒன்று கையில் படும். அதுவே மீனின் இருதயம். இம்முறை அதைத் திறந்து பார்ப்போம்.

நமது இருதயத்தில் 4 அறைகள். மீனுக்கு ஒரு மேலறையும் ஒரு கீழறையும்தான். உடலைச் சுற்றிவந்த அசுத்த இரத்தம் மெல்லிய பை ஒன்றில் சேர்ந்து, மேலறை வழியாகக் கீழறைக்கு வந்து, செவுளுக்குத் தள்ளப்படுகிறது. கீழறையின் வாசலில் குமிழ் போன்ற பகுதி உண்டு. அதில் இருதயத் தசை இல்லை; ரப்பர் போல விரியும் நார்கள் நிறைந்துள்ளன. அது விரிந்து சுருங்குவதால் மென்மையான செவுளுக்கு இரத்தம் சீராகப் போகிறது.

கீழறையின் சுவரையே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கெண்டை இனத்தில் அதன் வெளியடுக்கு நெருக்கி நெய்த பட்டைப்போல இறுகியது. உள்ளடுக்கோ பஞ்சு போன்றது. தசை இழைகளுக்கு இடையே இரத்தம் புகுந்து, தன்னில் மீந்திருக்கும் பிராணவாயுவை அவற்றுக்குக் கொடுக்கிறது. நமக்கோ சுவரின் பெரும்பகுதி இறுகிய தசை. அது இருதயத்தின்மேல் ஓடும் இரத்தக்குழாய்களையே நம்பியிருக்கிறது. ஒரு குழாய் அடைபட்டால், அதை நம்பிய தசை சாகத் தொடங்கும்.

இந்திய ஓடைகளில் வாழும் சிறிய வரிக்குதிரை மீன், கெண்டைக்கு உறவு. 2002-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதன் கீழறையில் சுமார் 20 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். இரண்டே மாதங்களில் புதிய தசை வளர்ந்து அந்த இடத்தை நிரப்பியது! எஞ்சிய தசைச் செல்களே பிரிந்து பெருகின என்பது 2010-இல் தெளிவாயிற்று. மனித இருதயத்தில் இவ்வாறு நடப்பதில்லை. மாரடைப்பில் இறந்த தசையின் இடத்தில் தழும்பே மிஞ்சுகிறது. அறுந்த பட்டிழையை முடிந்துவிடலாம். இந்த இழையை முடிய முடியாது.

ஆகவே நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், "வாயுதான், இந்தப் புடவையை முடித்துவிட்டுப் போகலாம்" என்று தறியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் தசையைக் காக்கும். இந்தச் செய்தியை உங்கள் வீட்டாருக்கும் சபையாருக்கும் சொல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.