மாங்காய்த் தோலுக்குள் ஓடும் பால்

வவுனியா

அன்பின் மருமகளுக்கு,

நுணுக்குக்காட்டியில் இந்தமுறையும் வெங்காய உரிதானா என்று சலித்துக்கொண்டீர். நியாயந்தான். உங்கள் வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பானில் முற்றாத காயொன்றைப் பறித்து, அதன் தோலைப் பாரும்.

புதிய சவர பிளேட்டால் தோலைக் குறுக்காகச் சீவும். பிளேட் விரலைவிட்டு விலகிப் போகவேண்டும். முதலில் தடிப்பாகத்தான் வரும். வெளிச்சம் ஊடுருவும் சீவல் கிடைத்ததும் வழுக்கியில் நீர்த்துளிக்குள் வையும். வெளிவிளிம்பில் தெரியும் படலம் புறத்தோல், கியூட்டினும் மெழுகும் சேர்ந்தது. வன்னி வெயிலில் காய் வற்றிப்போகாமல் காப்பது அதுதான். ஆய்வுகூடத்தில் சூடான் III சாயம் இருந்தால் ஒரு துளி விடும். அந்தப் படலம் செம்மஞ்சளாகும். அதன்கீழ் ஒற்றை அடுக்காக மேற்றோல் கலங்கள், பிறகு பச்சையம் நிறைந்த கலங்கள், அவற்றுக்கு நடுவே பெரிய வட்டத் துளைகள். அவைதான் பாற்கான்கள்.

காம்பை ஒடித்தால் பீறிட்டு, பட்ட இடத்தை அவித்துவிடும் பால் இந்தக் கான்களுக்குள்தான் அழுத்தத்தோடு நிற்கிறது. காம்போடு பறி என்று வீட்டில் சொல்வதும் இதனால்தான். வழிந்த பால் தோலைக் கருக்கிவிடும். அதிலும் தோலிலும் உள்ள ரிசோர்சினோல் சேர்வைகள் பங்கசுக்கு ஆகாதவை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என். கே. பி. அதிகாரம் குழுவினர் மாங்காயின் இந்தப் பாதுகாப்பை ஆராய்ந்திருக்கிறார்கள்.

பழத்தில் கறுப்புப் புள்ளியாய்ப் பரவும் அந்திரக்னோஸ் என்ற பங்கசு நோய் பெரும்பாலும் பழுத்தபின் தொற்றியதல்ல. மழைநீரோடு வந்த வித்தி பச்சைக் காயிலேயே முளைத்து, புறத்தோலைத் துளைத்து, அங்கேயே அடங்கிக் கிடக்கும். காய் பழுக்கையில் ரிசோர்சினோல் குறைகிறது, கலச்சுவரின் பெக்டின் இளகுகிறது, பங்கசு எழும்புகிறது. சந்தைக்காரரை ஏசுமுன் இதையும் யோசிக்கலாம்.

தோலிலுள்ள வெளிர்ப் புள்ளிகளையும் விடாதேயும். பிஞ்சில் அவை இலைவாய்கள். காய் பருக்கையில் கிழிந்து பட்டைவாய்களாகின்றன. நிறமில்லாத கியூடெக்ஸைப் பூசிக் காயவிட்டு, ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தால் அச்சு கிடைக்கும். பிஞ்சு, முற்றிய காய் இரண்டையும் ஒரே உருப்பெருக்கத்தில் வரைந்து அனுப்பும்.

அடுத்தது பாலைப்பழம். உதட்டை ஒட்டவைக்கும் அந்தப் பால் எங்கே இருக்கிறதென்று நீரே தேடிப் பாரும். அதன் உறவு மரமான சப்போட்டாவின் பாலில்தான் ஒருகாலத்தில் சுவிங்கம் செய்தார்கள். மாம்பால் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
மாமா