பழைய காரைப் புதுப்பிக்க எங்கே தொடங்குவது?

வேப்பூர்ப் பக்கம் கொட்டகையில் நெடுநாள் நின்ற அம்பாசடருக்கு முதல் வேலையாகப் பெயிண்ட் அடித்தால் செலவு வீணாகும்.

1. பதிவுச் சான்றிதழிலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியிலுள்ளவற்றோடு ஒப்பிடவும். 50 ஆண்டு கடந்த காரை 2021ஆம் ஆண்டு விதிப்படி பழமையான வண்டிகளுக்குரிய ‘விஏ’ வரிசையில் பதிய, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாதிருக்க வேண்டும்.

2. தரைத்தகட்டையும் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்தையும் திருப்புளியால் குத்தித் துருவைத் தேடவும். தனிச் சேஸிஸ் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் போலன்றி, அம்பாசடரில் ‘மோனோகாக்’ எனப்படும் முறையில் உடற்கூடே சுமை தாங்குவதால், அங்கே அரித்திருந்தால் வண்டியின் வலுவே குன்றிவிடும். இச்சோதனையே மிக முக்கியமானது.

3. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சிறிது ஆயில் விட்டு ஊறவைத்தபின் எஞ்சினைக் கையால் சுழற்றவும். இறுகியதை வலிந்து இயக்கினால் பிஸ்டன் வளையங்கள் உடையலாம்.

4. ஓட்டுமுன் பிரேக்கைச் சீர்செய்யவும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிச் சிலிண்டரை அரித்திருக்கக்கூடும்.