தப்பப் போன கப்பல்

கேள்வி: எல்லாம் தற்செயல் என்றால், எது எதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, திருகோணமலை

பதில்: உங்கள் துறைமுகத்தையே பாருங்கள். 1942 ஏப்ரல் 8 இரவு, ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அங்கிருந்து புறப்பட்டது. அதன் விமானங்கள் சீனக்குடா விமானத்தளத்திலேயே நின்றுவிட்டன. மறுநாள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது; ஹேர்மிஸோ ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

விளைவின் நிகழ்தகவைக் கூட்டுவதே காரணம் என்றார் மெய்யியலாளர் பட்ரிக் சப்பீஸ் (1970). ஆனால் கப்பல் புறப்பட்டது ஆபத்தைக் குறைக்கத்தானே? இருந்தும் 'போனதால்தான் மூழ்கியது' என்கிறோம். அப்படிச் சொல்வதும் சரிதான். நிகழ்தகவின் கூட்டல் கழித்தலை விட, இன்னொரு மெய்யியலாளரான வெஸ்லி சமன் சொன்னதுபோல் நிகழ்வுகளின் தொடரைப் பின்தொடர்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: நங்கூரம் தூக்கியது, தெற்கே ஓடியது, காலையில் ஜப்பானிய உளவு விமானத்தின் கண்ணில் பட்டது. அந்தக் கணத்தில் நிகழ்தகவே தலைகீழாகிவிட்டது.