ஆறு நிமிடத் தண்ணீர்

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது சேத்தியாத்தோப்பு. ஒருபுறம் வெள்ளாறு, அதன் குறுக்கே அணைக்கட்டு. மறுபுறம் வீராணம் ஏரி. சென்னை நகருக்கு வீராணத்து நீரைக் கொண்டு செல்லும் குழாய்த் தொடர் புறப்படுவதும் இவ்வூரிலிருந்துதான். இத்தனை நீர் சூழ்ந்த ஊரில் தீயை அணைக்கத் தண்ணீருக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம்.

இந்த வட்டாரத்தில் ஒரு கோடைப் பிற்பகலை எண்ணிப் பாருங்கள். கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில் தீப்பற்றிவிட்டது, காற்றும் வீசுகிறது. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. அந்த வண்டி சுமந்து வந்த நீர் 4,500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு நேரத்துக்குப் போதும்?

இதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. குழாயின் முனையில் உள்ள துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு அதை வர்க்கப்படுத்துங்கள். நீரின் அழுத்தத்தைப் 'பார்' என்னும் அலகில் எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். இரண்டையும் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியேறும் என்பது கிடைக்கும். 20 மி.மீ. முனை, 7 பார் அழுத்தம் என்றால் விடை ஏறக்குறைய 705 லிட்டர். 4,500 லிட்டரை 705-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறரை நிமிடம்கூட இல்லை!

முனையை மாற்றி 12 மி.மீ. முனையைப் பொருத்தினால் நிமிடத்துக்கு 254 லிட்டர்தான் செலவாகும். தொட்டி பதினேழு நிமிடங்களுக்கு மேல் தாங்கும். ஆனால் பெருந்தீயின் வெப்பத்தை அந்த மெல்லிய நீர்த்தாரை வெல்லுமா? எதைத் தேர்ந்தெடுப்பது? முடிவு செய்யச் சில வினாடிகளே உண்டு. அதைச் செய்பவர் வண்டியில் வந்த குழுவின் தலைவர். துணிவு அவருக்கு முன்பே இருந்தது. இந்தக் கணக்கை அவருக்குக் கொடுத்தது பயிற்சி.

தீயணைப்புப் பணியில் சேருபவர் முதலில் தீயணைப்போர். பிறகு முன்னணித் தீயணைப்போர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர் என்று படிகள் உயர்கின்றன. படி ஏற ஏறப் படிப்பும் மாறும். தொடக்கத்தில் உடலுக்குத்தான் பாடம்: ஏணி ஏறுதல், முடிச்சிடுதல், மயங்கியவரைத் தோளில் தூக்கி இறக்குதல், ஓடிக்கொண்டே ஹோஸை விரித்தல். இந்த ஹோஸ் பிடிப்பது விளையாட்டல்ல. மேலே கண்ட 20 மி.மீ. முனையிலிருந்து நீர் மணிக்கு ஏறத்தாழ 135 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. ஒவ்வொரு வினையோடும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்திருப்பீர்கள். இங்கே அந்த எதிர்வினை சுமார் 440 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 45 கிலோ எடை அவரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருவர் பின்னால் மற்றொருவர் நின்று தாங்குவது ஏன் என்று இப்போது விளங்கும்.

முன்னணித் தீயணைப்போர் ஆகும்போது கவனம் பம்பின் பக்கம் திரும்புகிறது. தொட்டி நீர் ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே முதல் முனை திறந்த அதே நேரத்தில் அடுத்த நீருக்கு வழி தேட வேண்டும். குளமோ, வாய்க்காலோ, கிணறோ அருகில் இருக்கும். வண்டியின் பம்பிலிருந்து உறிஞ்சு குழாயை நீரில் இறக்குகிறார்கள். பம்பு நீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். நீரை மேலே தள்ளுவது வளிமண்டலம்! பாரமானியில் 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும் காற்றழுத்தம், பாதரசத்தைவிட 13.6 மடங்கு இலேசான நீரை 76 × 13.6 = 1,033.6 செ.மீ., அதாவது 10.3 மீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. உராய்வும் கசிவும் போக நடைமுறையில் கிடைப்பது ஏழு, எட்டு மீட்டர்தான். மழைக்காலத்தில் நிறைந்து நிற்கும் கிணறு சித்திரையில் பத்து மீட்டருக்குக் கீழே போய்விட்டால், எத்தனை குதிரைத்திறன் உள்ள வண்டியானாலும் கரையில் நின்று ஏமாற வேண்டியதே. தம் பகுதியில் எந்த மாதத்தில் எந்தக் கிணற்றில் எத்தனை மீட்டரில் நீர் என்பதை அறிந்து வைத்திருப்பவரே நல்ல குழுத் தலைவர். குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் சிறிது பிளந்திருந்தாலும் காற்று உள்ளே புகுந்து வேலை கெட்டுவிடும். மிகச் சிறிய பொருள். ஆனால் ஒரு தெருவையே காப்பதோ இழப்பதோ அதைப் பொறுத்தது.

தண்ணீர் தீயை எப்படி அணைக்கிறது என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 294 கிலோ ஜூல் வெப்பம் தேவை. அதே நீர் ஆவியாக மாற மேலும் 2,257 கிலோ ஜூலை விழுங்குகிறது. ஆவியாகும் நீரே தீயை அணைக்கிறது. ஆவியாகாமல் தரையில் ஓடும் நீர் பெரும்பாலும் வீண். அதனால்தான் சுவாலையின் உச்சியில் பீய்ச்சாமல், எரியும் பொருளின்மேல் தூவலாக அடிக்கப் பழக்குகிறார்கள். ஒரு லிட்டர் நீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாக விரிகிறது. எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான். எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எண்ணெயை வீடெங்கும் தெறிக்கச் செய்துவிடும். தட்டால் மூடி அடுப்பை அணைத்தால் போதும்.

புகை நிறைந்த அறைக்குள் நுழைபவர் முதுகில் மூச்சுக் கருவியைச் சுமந்து செல்கிறார். அதன் உருளையில் 300 பார் அழுத்தத்தில் 6 லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது. பாயில் விதிப்படி, சாதாரண அழுத்தத்தில் அது சுமார் 1,800 லிட்டர் காற்று. கடும் உழைப்பில் ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு வாங்குவதாகக் கணக்கிடுவர். ஆக மொத்தம் 45 நிமிடம். அழுத்தம் 55 பாருக்கு அருகில் இறங்கியதும் ஒரு விசில் ஊதத் தொடங்கும். அப்போது எட்டு நிமிடக் காற்றே மிச்சம். உள்ளே போகப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தால், விசில் ஊதிய பிறகு திரும்பியவர் வெளியே வந்து சேர மாட்டார். எனவே வாசலில் ஓர் அலுவலர் பலகையும் கடிகாரமுமாக நிற்பார். யார் எத்தனை மணிக்கு, எவ்வளவு அழுத்தத்தோடு உள்ளே போனார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்பதை அவர் எழுதிக்கொண்டே இருப்பார். தீயின் அருகில்கூடப் போகாத அந்த மனிதர் ஒரு பெருக்கலில் தவறினால் ஓர் உயிர் போகும்.

தமிழ்நாட்டில் இப்பணிக்கான மாநிலப் பயிற்சி நிலையம் தாம்பரத்தில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956-இல் உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாகபுரிக்கு மாறியது. துணை அலுவலர், நிலைய அலுவலர், கோட்ட அலுவலர் நிலைகளுக்கான பயிற்சிகளோடு தீப் பொறியியலில் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. 2002-இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்த ஹர்ஷினி கன்ஹேகர் அதன் முதல் மாணவி. தமிழ்நாட்டில் 2003-இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் கோட்ட அலுவலர்களாகப் பொறுப்பேற்றனர். 2012 ஜனவரி 16 அன்று சென்னைச் சேப்பாக்கத்தின் பழமையான கலசமகாலில் தீப்பிடித்தபோது கூரை இடிந்து விழுந்து வீரர் ஒருவர் உயிர் துறந்தார். பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களுக்கு உள்ளானார். தடித்த மர உத்திரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில்தான் கரியாகிறது; இரும்போ 550 டிகிரியை நெருங்கும்போது தன் வலிமையில் பாதியை இழந்துவிடுகிறது. இந்தக் கூரை இன்னும் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கணிப்பது மேல்நிலைப் பயிற்சியின் மிகக் கடினமான பகுதி. அங்கேயும் உறுதி என்று ஒன்றுமில்லை.

தீயைப் 'படிப்பது' என்று இதைச் சொல்லலாம். சேத்தியாத்தோப்பில் ஒரு பெரிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழிந்தபின் கிடைக்கும் சக்கையைக் கொதிகலனில் எரிக்கிறார்கள். மிஞ்சியதை ஆலைகளில் மலைபோல் குவிப்பது வழக்கம். ஈரமும் சிறிது சர்க்கரையும் எஞ்சிய அந்தக் குவியலுக்குள் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்கும். வெளியேற வழியில்லாத வெப்பம் ஏறி ஏறி, ஒரு கட்டத்துக்குப் பின் ஆக்சிஜனேற்றம் அதைத் தொடர, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே குவியலின் நடுவில் கனல் மூண்டுவிடும். ஈரத்தோடு போடப்பட்ட வைக்கோற்போரும் இப்படித்தான். மேலே எவ்வளவு நீர் ஊற்றினாலும் உள்ளே போகாது. பிரித்துப் போட்டுத்தான் அணைக்க வேண்டும். போரினுள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்துச் சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் கனல் மூளுமுன்பே தெரிந்துவிடும்.

உள்ளே புகைந்த பஞ்சுப் பொதிகள்தான் 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தைச் சிதறடித்தன. 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் பஞ்சோடு சுமார் 1,400 டன் வெடிபொருள்களும் ஏற்றப்பட்டிருந்தன. தீயணைப்போர் மணிக்கணக்கில் நீரைப் பாய்ச்சினர். கனல் இருந்த இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துச் செல்வதா என்று பொறுப்பாளர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் மாலை நான்கு மணியளவில் அது வெடித்தது. தீயணைப்போர் மட்டும் 66 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுவது இவர்கள் நினைவாகத்தான். என்ன சரக்கு, யார் தலைவர், எப்போது பின்வாங்குவது என்ற மூன்று கேள்விகளும் இன்றைய அலுவலர் பயிற்சியில் முதலிடம் பெறுகின்றன. சாலையில் கவிழ்ந்த டாங்கர் லாரியை அணுகுமுன் அதன் பலகையிலுள்ள நான்கிலக்க எண்ணைப் படிக்கச் சொல்வதும் இதற்காகவே. 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எல்.பி.ஜி., 1005 என்றால் அம்மோனியா. மூன்றையும் அணுகும் முறை வேறு வேறு.

நிலைய அலுவலருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் ஆய்வு. பள்ளி, கல்யாண மண்டபம், நெல் ஆலை, தீபாவளிப் பட்டாசுக் கடை ஆகியவற்றைச் சென்று பார்த்து, பாதுகாப்பு உண்டா இல்லையா என்று சான்றளிக்க வேண்டும். தீயோடு போராடியவருக்குப் பதக்கம் கிடைக்கிறது. தீப்பிடிக்காமல் தடுத்த ஆய்வாளருக்கு யாரும் மாலையிட்டு நாம் பார்த்ததில்லை. பல இடங்களில் முகச்சுளிப்புதான் கிடைக்கும். ஆனால் 2004 ஜூலை 16-ஐ நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியிலிருந்து இறங்க இருந்தது குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டனர். கூரையையும் படிக்கட்டையும் கண்ணுள்ள எவரும் முன்பே பார்த்திருக்க முடியும். அளந்து எழுதி நிறுத்தத்தான் ஒருவர் இல்லை. பின்பு தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இவ்விபத்தை ஒட்டிய வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீப்பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்றும் கூறியது.

ஆய்வாளர் அளப்பது எப்படி? ஒரு மனிதர் கடந்து செல்லத் தேவையான அகலம் 50 செ.மீ. என்றும், அந்த அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 40 பேர் வெளியேறுவர் என்றும் நெடுங்காலமாக ஒரு கணக்கு வழங்கிவருகிறது. வாசல் ஒரு மீட்டர் அகலம் என்றால் இரண்டு வரிசை, நிமிடத்துக்கு 80 பேர். ஒரு மண்டபத்தில் 300 பேர் அமர்ந்திருக்க, வாசல் இது ஒன்றே என்றால் எல்லோரும் வெளியேற நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். காய்ந்த கீற்றுக் கூரை அவ்வளவு நேரம் காத்திருக்காது. வாசலின் ஒரு கதவைத் தாழிட்டு வைத்தாலோ, அதன் எதிரே நாற்காலிகளை அடுக்கி வைத்தாலோ நேரம் இரட்டிப்பாகும்.

நாளை பள்ளிக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வகுப்பறைக் கதவு, தாழ்வாரம், படிக்கட்டு, வெளிவாசல் ஆகிய நான்கின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அவற்றில் மிகக் குறுகியது எதுவோ அதைக் கொண்டு கணக்கிட வேண்டும். கதவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் படிக்கட்டு குறுகலாக இருந்தால் பயனில்லை. 75 செ.மீ. வந்தால் ஒன்றரை வரிசை என்று கொள்ளாதீர்கள். இரண்டாம் வரிசைக்கு இடமில்லை. ஒன்று என்றே எழுதுங்கள். அந்தப் படிக்கட்டைப் பயன்படுத்தும் மாணவர் எண்ணிக்கையை அதன்மூலம் ஒரு நிமிடத்தில் வெளியேறுவோர் எண்ணிக்கையால் வகுங்கள். பிறகு ஆசிரியரின் அனுமதியோடு மணியடித்து, எல்லோரும் ஓடாமல் நடந்து இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.