பட்டம் வாங்கி நாலைந்து வருஷம் ஆச்சு, ராணுவத்தில் சேரலாமா?

முதலில் பீரோவைத் திறந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து வையுங்கள். ராணுவ விண்ணப்பத்தில் உங்கள் பிறந்த தேதி என்பது அதில் அச்சாகியிருப்பதுதான். ஜாதகமும் அம்மாவின் ஞாபகமும் அங்கே செல்லாது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதாத பிள்ளைக்கு மே மாதத் தேதியைப் போட்டுக் கொடுத்த தலைமையாசிரியர்கள் நம் ஊர்களில் உண்டு. அன்றைக்கு அது உதவி. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பிறந்தது ஜூலை 20. சான்றிதழில் மே 25. ஜூலை 1-ஆம் தேதியை வைத்து வயது பார்த்த தேர்வில், அந்த 56 நாளில் அவனுடைய கடைசி வாய்ப்பு போயிற்று.

அடுத்து, எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேர்வு எழுதும் நாளில் உள்ள வயது கணக்கில்லை. பயிற்சி தொடங்குவதை ஒட்டிய ஒரு தேதிதான் கணக்கு. ஏப்ரலில் நடக்கும் சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வை எழுதி, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போக விரும்பினால், அடுத்த ஜனவரி 1 அன்று உங்களுக்கு 25 தாண்டியிருக்கக் கூடாது. ஆக, ‘25 வரை’ என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் 24 வயதில் கடைசித் தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளைப் படித்துப் பழகிய கண்கள் இங்கேயும் வயதுத் தளர்வுப் பத்தியைத் தேடும். தேட வேண்டாம். இந்தத் தேர்வுகளில் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடும் இல்லை, தளர்வும் இல்லை.

இனி உங்கள் வயதுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்போம். அக்னிவீர் பள்ளி முடித்த வயதுக்கானது. பட்டம் வாங்கிச் சில வருஷம் ஆனவர்கள் அதை மறந்துவிடலாம். சி.டி.எஸ். வழியாக டேராடூன் அகாடமிக்கு 24, பரங்கிமலைக்கு 25. என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழி உண்டு, அதற்கும் 25தான். விமானப்படையின் ஆஃப்கேட் தேர்வில் தரைப்பணிப் பிரிவுகளுக்கு 26 வரை.

பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. எஸ்.எஸ்.சி. டெக் எனப்படும் தொழில்நுட்பப் பிரிவுக்கு 27 வரை விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், அக்டோபர் என்று வருஷத்துக்கு இரண்டு அணி. எழுத்துத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண் சதவீதத்தை வைத்தே நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அரியர் வைத்துத் தட்டுத்தடுமாறி முடித்தவர்களுக்கு அந்த அழைப்பு வருவது கஷ்டம், அதை ஒளிப்பதில் பயனில்லை. சட்டம் படித்தவர்களுக்கு ராணுவச் சட்டப் பிரிவு, அதுவும் 27 வரை. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 30, மேற்படிப்பு முடித்தவர்களுக்கு 35. பணியில் இருக்கும்போது இறந்த படைவீரரின் மனைவி பட்டதாரியாக இருந்தால் 35 வரை விண்ணப்பிக்கலாம்; இது பல குடும்பங்களுக்கே தெரிவதில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. படைப்பிரிவுகளில் பூசை, பிரார்த்தனை நடத்தும் சமய ஆசிரியர் பணிக்கு 25 வயதுக்குக் கீழ் இருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது!

கல்யாணப் பேச்சு நடக்கிறதா? கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பரங்கிமலைக்கும் எஸ்.எஸ்.சி. டெக்குக்கும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். பயிற்சி முடியும்வரை திருமணம் செய்யவும் அனுமதியில்லை. தை பிறந்ததும் முகூர்த்தம் என்று நாள் குறித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். அந்தக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்ட் ஆனதும் அடிப்படைச் சம்பளம் அதே 56,100-இல் தொடங்கும், படிகள் தனி. பரங்கிமலை வழியாகக் கிடைக்கும் குறுகிய காலப் பணி என்பது 10 வருஷம், விரும்பினால் இன்னும் 4. அதன் பிறகு நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் வெளியே வர வேண்டும். ஓய்வூதியத்துக்கு அதிகாரிகள் 20 வருஷம் முடித்திருக்க வேண்டும் என்பதால், 14 வருஷத்தில் வருகிறவருக்குப் பணிக்கொடை உண்டு, பென்ஷன் இல்லை. 26-இல் சேர்ந்தவர் 40-ஐ ஒட்டிய வயதில் மறுபடி வேலை தேடுவார். வீட்டுக் கடன் வாங்கியிருப்பவர்கள் இந்தப் பத்தியை வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவது நல்லது.

சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பரங்கிமலைக்கு ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டு தாள்தான். கணக்குத் தாள் இல்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகப் படித்தால் தாண்டக்கூடியது.

தாண்ட முடியாமல் பலர் திரும்புவது எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வில். தரைப்படைக்கு நம்மவர்கள் பலருக்கும் பெங்களூரு, விமானப்படைக்கு மைசூரு, கடற்படைக்கு கோயம்புத்தூரிலேயே ஒரு மையம் உண்டு. முதல் நாள் ஸ்க்ரீனிங். மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து ஒரே கதைக்கு வர வேண்டும். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மதியம் செஸ்ட் நம்பரை வாசிப்பார்கள். உங்கள் எண் வரவில்லை என்றால் சாயங்காலமே பெட்டியோடு ஸ்டேஷன்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த வீர வசனங்கள் இங்கேதான் பல்லிளிக்கும். எழுதியதையும் நேர்முகத்தில் சொன்னதையும் மைதானத்தில் செய்ததையும் மூன்று தனித்தனி அதிகாரிகள் பார்த்து, கடைசி நாளில் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறார்கள்.

வயது கூடிய பட்டதாரிக்கு நேர்முகத்தில் ஒரு கேள்வி நிச்சயம்: “இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?” நான் பெங்களூருக்குப் போனது 26 வயதில். கல்லூரி முடித்து எட்டு மாதம் மாமாவின் லேத் பட்டறையில் இருந்தேன். பொறியியல் படித்துவிட்டுப் பட்டறையில் நின்றதைச் சொல்ல வெட்கம். “வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், சார்” என்றேன். எந்த வங்கி, எந்தத் தேதி, எவ்வளவு மதிப்பெண், யாரோடு படித்தீர்கள் என்று நேர்முக அதிகாரி அடுக்கிக்கொண்டே போனார். நான்காவது கேள்வியில் எச்சில் விழுங்கினேன். அவர் பேனாவை மூடிவைத்தார். ஐந்தாம் நாள் கான்பரன்ஸ் முடிந்து வெளியே வந்த வரிசையில் என் எண் வாசிக்கப்படவில்லை. அந்த ஒரு பொய்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். காரணத்தை அவர்கள் சொல்வதில்லை. ஆனால் மூன்று ஆட்களை வைத்து வேலை வாங்கியதும், ராத்திரி ஷிப்டில் விரல் நசுங்கிய பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் அந்தப் பட்டறையில்தான். நான் சொல்லியிருக்க வேண்டிய கதையே அதுதான்.

எனவே போவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டை எடுத்து, பத்தாம் வகுப்பிலிருந்து இன்றுவரை மாதவாரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வேலை விட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தது, குரூப்-2 எழுதித் தோற்றது, எல்லாம். அங்கே நிரப்பச் சொல்லும் தகவல் படிவத்தில் இவைதான் வரும். 21 வயதுப் பையனிடம் கல்லூரிக் கலைவிழாவைத் தவிரச் சொல்ல அதிகம் இருக்காது. உங்களிடம் இருக்கிறது.

உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தப் பையன் உங்களை முந்துவான். பயிற்சியில் சேரும்போது ஆண்கள் 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடவும், 40 தண்டால், 6 புல்-அப் எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஐந்து வருஷம் கணினி முன் உட்கார்ந்தவர் இதற்கு ஆறு மாதம் கொடுக்க வேண்டும். முதல் மாதம் வேக நடை, பிறகு மெல்லோட்டம், அப்புறம்தான் கடிகாரம். முதல் வாரமே வேகம் பிடித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை மெரினாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். புல்-அப் ஒன்றுகூட வராது. கம்பியில் தொங்கிப் பழகுவதில் தொடங்குங்கள். நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு முன் பல், காது, கண், எடை ஆகியவற்றை உள்ளூர் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூடத் தற்காலிகமாக ஒதுக்குவார்கள். தகுதியில்லை என்று எழுதினால் அது முடிவல்ல. 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழு முன் நிற்கலாம். உடம்பில் பச்சை குத்தியிருந்தால், முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் அனுமதியில்லை.

27-ம் தாண்டிவிட்டது, மணமும் ஆகிவிட்டது என்கிறவர்களுக்கு ஒரு கதவு மிச்சம்: டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று இதை முறைப்படி தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பட்டதாரிகள் 42 வயது வரை விண்ணப்பிக்கலாம். மணமானவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் கையில் ஒரு வேலையோ தொழிலோ இருந்தே ஆக வேண்டும். இது முழுநேரப் பிழைப்பு அல்ல. வருஷத்தில் சுமார் இரண்டு மாதம் முகாம், மற்ற நாளில் உங்கள் வேலை. தேவைப்பட்டால் முழுநேரப் பணிக்கு அழைப்பார்கள், அழைத்த காலத்துக்கு ராணுவச் சம்பளம். எழுத்துத் தேர்வு, ஆரம்ப நேர்முகம், எஸ்.எஸ்.பி., மருத்துவம் எல்லாம் உண்டு. தோனிக்கு 2011-இல் கிடைத்தது கௌரவப் பதவி. அதைப் பார்த்து இதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் அனுராக் தாக்கூர் 2016-இல் தன் 41-ஆம் வயதில் இதே வரிசையில் நின்று லெப்டினன்ட் ஆனார். அரசு ஊழியர்கள் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும்; அந்தக் கோப்பு நகர எவ்வளவு நாளாகும் என்பது அரசு ஊழியர்களுக்கே தெரியும், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இதில் எந்த வழியிலும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ‘மேலே ஆள் இருக்கு’ என்று ஒருவர் டீக்கடைக்குக் கூப்பிட்டால் டீயை மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். அறிவிப்புகள் ராணுவத்தின் ஆட்சேர்ப்பு இணையதளத்திலும் யு.பி.எஸ்.சி. தளத்திலும் வரும், சி.டி.எஸ்.-க்கு டிசம்பரிலும் மே, ஜூன் வாக்கிலும் பாருங்கள்.

எஸ்.எஸ்.பி. அழைப்பு வந்து ரயில் ஏறும்போது டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பிரிவுக்கு முதல் முறை போகிறவருக்குத் தேர்வானாலும் ஆகாவிட்டாலும் மூன்றடுக்கு ஏ.சி. கட்டணத்தை இரு வழிக்கும் திருப்பித் தருகிறார்கள்.