காலை நம்பப் பழகு

அன்புள்ள தங்கைக்கு,

பாதாமியின் செம்மணற்பாறையில் நீ ஏறும் காணொளியை அனுப்பி, விரல்களுக்கு இன்னும் வலு சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். உன் கைகளில் வலு போதுமான அளவு இருக்கிறது. கால்களின் வேலையையும் அவையே இழுத்துப் போட்டுச் செய்வதால்தான் பாதி உயரத்திலேயே முன்கை இறுகிவிடுகிறது. விரல் வலுவுக்கு அவசரப்படாதே. தசை வளரும் வேகத்தில் தசைநாண் வளராது.

அடுத்த சில வாரங்கள் உனக்கு மிக எளிதான பாதைகளில், உடல் களைக்கும் முன்பே பயிற்சி செய். விழுந்துவிடுவோமோ என்ற பதற்றத்தில் உடல் பழைய பழக்கத்துக்கே ஓடும். புதியதைக் கற்கும் நிதானம் எளிய பாதையில்தான் வாய்க்கும்.

முதலில், சத்தமில்லாமல் ஏறு. ஷூ உரசும் ஓசைகூடக் கேட்கக் கூடாது. கால் பெருவிரல் நுனி கால்பிடியில் அமரும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்காதே. பலரும் கால் பதிவதற்குச் சற்று முன்பே அடுத்த கைப்பிடியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கால் தடுமாறுவது அப்போதுதான். வைத்த காலை எடுத்துத் திரும்ப வைப்பதும் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு கைப்பிடியையும் பிடிக்கும் முன், அதைத் தொடாமல் கையை மூன்று விநாடி அந்தரத்தில் நிறுத்து. எடை காலுக்கு மேல் இருந்தால் கை நிற்கும். இல்லாவிட்டால் உடல் பக்கவாட்டில் சுழலும். சுழன்றால் இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பிப் பார். சும்மா இருக்கும் காலை எதிர்ப்பக்கம் நீட்டிப் பார். எந்த அசைவில் கை இலேசாகிறது என்று கவனி. இந்தப் பயிற்சியின் பயன் முழுவதும் அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

பிறகு, தாழ்வான சரிவுப் பாறை ஒன்றில், கீழே மெத்தை விரித்து, கையில்லாமல் ஏறு. குதிகாலைத் தாழ்த்தி ரப்பர் நன்றாகப் படியவிடு. வேல்ஸில் 1986-ல் 'இண்டியன் ஃபேஸ்' பாதையை முதலில் ஏறிய ஜானி டாஸ், கையில்லாமல் ஏறுவதைத் தனிக் கலையாகவே வளர்த்தவர். முடிவில், ஏறிய வழியே இறங்கவும் பழகு. இறங்கும்போது கால்பிடியைத் தேடாமல் ஓர் அடியும் வைக்க முடியாது.

பாறையேற்ற வீராங்கனை லின் ஹில் 1993-ல் எல் கேப்பிடன் பாறையின் 'தி நோஸ்' பாதையைக் கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு முதன்முதலில் ஏறினார். பிடி ஏதுமற்ற ஒரு மூலையில் காலும் கையும் முழங்கையும் இடுப்பும் இருபுறச் சுவர்களை எதிரெதிராக அழுத்த, உடலைத் திருப்பித் திருப்பி மேலேறினார். எடை எங்கே இருக்கிறது என்பதை உடல் முழுவதும் அறிந்திருந்தால்தான் அது முடியும்.

ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி போதும். அடுத்த காணொளியோடு பாதையின் தரத்தை எழுதி அனுப்ப வேண்டாம். கடினமான அந்த ஓர் அடியில் எடை எந்தக் காலில் இருந்தது என்று எழுது. அதைத் தயங்காமல் எழுத முடிகிற நாளில், விரல் வலுவைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா