மலையேறுமுன்: தானா ராத்தா கல்விப் பயணத்திற்கு ஒரு முன்பாடம்

தவணை விடுமுறை நெருங்கினால் நம் மாணவர்கள் கேமரன் மலைக்குக் கல்விப் பயணம் போகத் திட்டம் போடுவது வழக்கம். பழைய மாணவன் என்ற முறையில் அத்தகைய திட்டத் தாள்கள் சிலவற்றைப் பார்த்துத் தரும் வேலை என்னிடம் வந்து சேரும். பெரும்பாலும் ஒரே வரிசைதான்: முதல் நாள் தேயிலைத் தோட்டம், பிறகு ஸ்ட்ராபெரிப் பண்ணை, இரவுச் சந்தை, கடைசி நாள் மதியம் ஒரு மணி நேரம் ‘பூர்வகுடிக் கிராமம் பார்வையிடல்’. ஸ்ட்ராபெரியின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. ஆனால் ‘பார்வையிடல்’ என்ற அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். அணைக்கட்டைப் பார்வையிடலாம், தொழிற்சாலையைப் பார்வையிடலாம். மனிதர் வீட்டுக்கு விருந்தாகத்தான் போக முடியும். இக்கட்டுரை அந்தச் சுழிக்கான விளக்கம்.

நாம் பொதுவாகச் சொல்லும் கேமரன் மலை வரலாறு சில ஆண்டுக் கணக்குகளில் அடங்கிவிடுகிறது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்தார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னர் மலைவாசத்தலம் அமைக்கும் பணி சூடு பிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது. காட்டை அழித்து, சரிவில் குழி தோண்டி, கன்று நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். தானா ராத்தா, ரிங்லெட், சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று இம்மலையில் தமிழ்ப்பள்ளிகள் எழுந்ததற்கு அவர்களே காரணம்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தக் கணக்கில் 1885க்கு முன் மலை காலியாகக் கிடந்தது போன்ற ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. கேமரன் வந்தபோதும் செமாய் மக்கள் இங்கே இருந்தார்கள். ஆற்றோரங்களில் மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, மூங்கில் ஊதுகுழலால் வேட்டையாடி வாழ்ந்தார்கள். தேயிலைக்காக வெட்டப்பட்ட காடு ‘யாருமற்ற காடு’ அல்ல. ஆகவே என் முதல் பரிந்துரை மிக எளிது: பயண வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். செமாய் கிராமத்தை முதல் நாளும் தோட்டத்தை மூன்றாம் நாளும் வையுங்கள். தேயிலையை முதலில் பார்த்தால் உங்கள் மனத்தில் மலையின் கதை 1929இல்தான் தொடங்கும்.

அடுத்து மொழி. தமிழ் அமைப்பு நடத்தும் பயணம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். செமாய் மொழி மலாயின் ஒரு கிளை என்று நம் மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். அப்படி அல்ல. மலாய், ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. செமாயும் அதன் அண்டை மொழியான தெமியாரும் ஆஸ்திரோஆசியக் குடும்பம். பெயர்கள் ஒலிப்பில் நெருங்கியிருந்தாலும் குடும்பங்கள் வேறு வேறு. கம்போடியாவின் கெமர், மியன்மாரின் மோன், வியட்நாமிய மொழி ஆகியவை செமாய்க்கு உறவு. இன்னும் வியப்பு, இந்தியாவில் பேசப்படும் சந்தாலிகூட அதற்குத் தூரத்துச் சொந்தம். இவ்விரு மொழிகளையும் பேசுவோருக்கு வழங்கும் ‘செனோய்’ என்ற பொதுப்பெயரின் பொருள் ‘மனிதர்’ என்பதே. வெளியார் ஒரு காலத்தில் இவர்களுக்கு வைத்த ‘சாக்காய்’ என்ற பெயர் இழிசொல். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் வாயில் அது இன்னும் இயல்பாக வரும். நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்.

இங்கே ஒரு சட்ட வரியைப் படித்துக்கொண்டு போவது நல்லது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 பேர் கணக்குத்தான். ஆனால் அங்கே கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: ‘நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும்’ இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை என்று சொல்லி ஒரு மொழியைத் தள்ளிப்போட அந்த ஒரு தொடர் போதும். சில பள்ளிகளில் செமாய் பாடமாக நுழைந்திருக்கிறது, ஆர்டிஎம்மின் ஆஷிக் எஃப்எம் வானொலியிலும் ஒலிக்கிறது. ஆனால் நமக்கு இருப்பது போல் அம்மொழி வழியே நடக்கும் பள்ளி அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. தாய்மொழிப் பள்ளிக்காகக் குரல் கொடுக்கும் நாம், இதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்கள் வாசலில் போய் நிற்பது அழகல்ல.

நிலம் பற்றியும் அப்படியே. 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டம் அவசரகாலத்தில் பிறந்தது. காட்டு மக்கள் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாயாதிருக்க அரசு கவலைப்பட்ட காலம் அது. அச்சட்டத்தின் கீழ்த் தரப்படும் குடியிருப்புரிமை, விரும்பும்போது விலக்கிக்கொள்ளக்கூடிய வாடகையுரிமை போன்றதுதான். தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் கையில் பட்டா இராது. 1997இல் ஜொகூரின் அடோங் குவாவ் வழக்கிலும், 2002இல் சிலாங்கூரின் சாகோங் தாசி வழக்கிலும் நீதிமன்றங்கள் மரபுவழி நில உரிமையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலைமை சிறிது மாறியது. ஒவ்வொரு கிராமமும் வழக்காடித்தான் அதைப் பெற வேண்டியிருக்கிறது. நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்த அன்று லயத்து வீடும் கைவிட்டுப் போயிற்று. ஒரே மலையில் இரண்டு மக்கள், இருவர் கையிலும் பட்டா இல்லை. இந்த ஒற்றுமையைப் பெரிதாக்கவும் வேண்டாம். நம்மவர் கூலிக்கு வந்தவர்கள், அவர்கள் இடம் பறிபோனவர்கள்.

அரசியலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2004இல் உருவான கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று தமிழர்களே வென்று வந்தனர். 2018 தேர்தல் முடிவு செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், 26 சனவரி 2019இல் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினரானார். ‘நம் தொகுதி போயிற்று’ என்று அப்போது சிலர் அங்கலாய்த்ததைக் காதால் கேட்டேன். யாருடைய தொகுதி என்பதே கேள்வி.

இனி நடைமுறை. ஆய்வு நோக்கில் போவதானால் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். அது கிடைத்தாலும் தோக் பாத்தின் எனப்படும் ஊர்த்தலைவரின் சம்மதம் தனி. லெமோய், தெலானோக், மென்சோன் போன்ற உட்பகுதிகளுக்கு நான்கு சக்கர உந்து வண்டிதான் போகும், மழை பெய்தால் அதுவும் நின்றுவிடும். ஆகவே நாற்பது பேர் கொண்ட பேருந்துக் கூட்டத்தை அங்கே நினைக்கவே வேண்டாம். ஆறேழு பேர் போதும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்க்கச் சொல்வேன். இம்மலையில் மழை வெறும் தொல்லை மட்டுமல்ல. 7 ஆகஸ்டு 2011இல் சுங்கை ரூயில் பூர்வகுடிக் கிராமத்தில் மண்சரிந்து 7 பேர் இறந்தனர். 23 அக்டோபர் 2013 அதிகாலையில் ரிங்லெட் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. காய்கறிக்காகச் சரிவுகளைச் சுரண்டியதால் வண்டல் இறங்கி அந்த அணையின் கொள்ளளவு குறைந்திருந்தது. மலிவான முட்டைக்கோசுக்குப் பின்னால் உள்ள கணக்கு இது.

கிராமத்தில் எப்படி நடந்துகொள்வது? ராபர்ட் டென்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் செமாய் மக்களிடையே தங்கி, 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். சண்டை தவிர்க்கும் அவர்களது வாழ்க்கை முறை உலகிற்குத் தெரிந்தது அந்நூலால்தான். அதில் அவர் விளக்கும் ‘புனான்’ என்ற கருத்தை அறிந்து செல்லுங்கள். ஒருவர் கேட்டதை மறுத்தால், ஏமாந்தவருக்கு விபத்தோ நோயோ வரும் என்பது நம்பிக்கை. அதனால் மறுப்பது பெரும் பிழை. இது அரை நூற்றாண்டுக்கு முந்திய பதிவு, இன்றைய இளைஞர்கள் எல்லாரும் அப்படியே நினைப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ‘படம் எடுக்கலாமா?’ என்று பளிச்சென்று கேட்டு, வந்த ‘சரி’யை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், அவர் தனியே விசாரித்துச் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவது கூடவே கூடாது.

மூன்றாம் நாள் தோட்டத்துக்கு வரும்போது உங்கள் கேள்விகள் மாறியிருக்கும். கொழுந்து பறிக்கும் வேலையில் இப்போது வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருப்பார்கள், கையால் கிள்ளிய இடத்தில் கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. ஓய்வு பெற்ற நம் பாட்டிமாரைத் தேடிப் பிடித்து, பழைய காலத்தில் செமாய் மக்கள் லயத்துப் பக்கம் வந்தார்களா, பெத்தாய்க்கும் தேனுக்கும் எதை மாற்றாகக் கொடுத்தீர்கள், அவர்கள் பெயர் யாருடையதாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். விடைகளை ஒலிப்பதிவு செய்து, பேசியவர் சம்மதத்தோடு எழுதி வைத்து, அடுத்த செயலவையிடம் ஒப்படையுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை நெகிழிப் பையில் சுற்றி வைக்க மறக்க வேண்டாம். பிற்பகல் பனி எல்லாவற்றையும் நனைத்துவிடும்.